விதவையின் கையில் வெள்ளைத் துணி

பாலித் தீவில், தென்பாசாரிலிருந்து உபுத் போகும் வழியில் பத்துபுலான் என்ற ஊர் வரும். கல்தச்சர்களின் ஊர். சாலையின் இருபுறமும் பாதி செதுக்கிய பிள்ளையார்களும் காவல் பூதங்களும் மழையில் நனைந்தபடி நிற்கும். அங்கே தினமும் காலை ஒன்பதரைக்குப் பாரோங் என்ற முகமூடி ஆட்டம் தொடங்கும். அம்மாவும் நானும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தோம்.

ஆட்டத்தின் பிற்பாதியில், இரண்டாகப் பிளந்த கோபுரம் போன்ற வாசலின் படிகளில் அவள் வந்து நின்றாள். துருத்திய கண்கள், மேல்நோக்கி வளைந்த கோரைப்பற்கள். தோலில் வெட்டித் தீக்கொழுந்துகளாகப் பொன் பூசிய நாக்கு இடுப்புவரை தொங்கியது. தளர்ந்த முலைகள், கழுத்தில் குடல்மாலை, விரல்நுனியில் ஒரு சாண் நீள நகங்கள். இத்தனை பயங்கரத்துக்கும் நடுவில், ஒரு கையில் மட்டும் சாதாரணமான ஒரு வெள்ளைத் துணி.

"இவள் பெயர் என்ன?" என்று அம்மா கேட்டாள்.

"ரங்டா."

"அப்படியென்றால்?"

டிக்கெட்டோடு கொடுத்த தாளில் சூனியக்காரிகளின் ராணி என்று போட்டிருந்தது. அது பெயரின் பொருள் இல்லை என்று தோன்றியதால், எங்களை அழைத்து வந்தவரிடம் கேட்டேன். நாங்கள் தங்கியிருந்த வீட்டின் உரிமையாளர் அவர், ஐம்பது வயதிருக்கும். நான் அவரை அந்த ஊர் வழக்கப்படி "பாக்" என்று அழைப்பேன். அம்மா "தம்பி" என்பாள். அதற்கும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார். அவர் அம்மாவை "இபு" என்பார். தாயே என்று பொருள். அவர் கொஞ்சம் யோசித்து, "ஜண்டா" என்றார். கணவனை இழந்தவள். நான் யோசிக்காமல் அதை அப்படியே தமிழில் சொல்லிவிட்டேன்.

அம்மா மேடையைப் பார்த்துக்கொண்டே, "கைம்பெண்ணா?" என்றாள். பிறகு ஆட்டம் முடியும்வரை எதுவும் பேசவில்லை.

அப்பா இறந்து அப்போது மூன்று வருடம். அதற்கு முந்தைய ஆண்டு சித்தி மகளின் கல்யாணத்தில், ஆசி பெறுவதற்காகத் தாலியைத் தாம்பாளத்தில் வைத்து ஒவ்வொருவரிடமும் காட்டிக்கொண்டு வந்தபோது, அம்மா தானாகவே எழுந்து தூணுக்குப் பின்னால் போய் நின்றாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. இருக்கச் சொல்லவும் இல்லை. அந்தத் தூண் எனக்குப் பத்துபுலானில் ஞாபகம் வந்தது.

ரங்டா என்பது பழைய ஜாவா மொழியில் விதவைக்குரிய சொல். சமஸ்கிருதத்தின் "ரண்டா"விலிருந்து வந்தது. அதே சொல் இந்திய மொழிகள் பலவற்றில் வசைச்சொல்லாகத் தேய்ந்தது. தமிழ் அகராதியிலும் ரண்டை என்று உட்கார்ந்திருக்கிறது. கடல் கடந்து போன ரண்டாவோ அங்கே ஒரு தெய்வத்தின் பெயராகியிருக்கிறாள். பாலியின் நடனங்களைப் பற்றி நான் படித்ததிலும் பார்த்ததிலும் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது இந்த ஒரு விஷயம்தான். லெகோங் ஆடும் சிறுமிகளின் கண்வெட்டு, உளுவாத்து கோயிலில் சூரியன் கடலில் இறங்கும் நேரத்தில் ஆண்கள் கூடிக் குரலெழுப்பும் கெச்சாக் எல்லாவற்றையும் பார்த்தோம், அழகு. கெச்சாக் தொன்மையானது என்று பலர் நினைக்கிறார்கள். ராமாயணத்தோடு சேர்ந்து அது இன்றைய வடிவத்துக்கு வந்தது 1930களில்தான். ஆனால் அதன் "சக் சக் சக்" குரல் அதைவிடப் பழையது. நோய் பரவும் காலத்தில் சிறுமிகளின் மேல் தேவதைகளை வரவழைக்கும் சங்ஹியாங் சடங்கில், ஆண்கள் கூடியிருந்து எழுப்பும் குரல் அது.

ரங்டாவின் கதைக்குச் சலோன் அராங் என்று பெயர். நமக்குக் கிடைத்திருக்கும் பழைய பிரதி ஒன்று பாலி எழுத்தில் ஓலையில் எழுதப்பட்டது. அதிலுள்ள சக ஆண்டு 1462, அதாவது 1540. கதை நடப்பதோ அதற்கு ஐந்நூறு ஆண்டு முன்னால், கிழக்கு ஜாவாவில், 1019 முதல் 1042 வரை ஆண்ட ஐர்லங்கா மன்னனின் காலத்தில். கிரா என்ற ஊரில் ஒரு விதவை. அவளுக்கு அழகான ஒரு மகள். மகளின் பெயர் ரத்னா மங்கலி. இந்தப் பெயரைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அமங்கலி என்று ஒதுக்கப்பட்டவள், தன் மகளுக்கு மங்கலி என்று பெயர் வைத்திருக்கிறாள்.

மங்கலியைப் பெண் கேட்டு ஒருவரும் வரவில்லை. அம்மாவைப் பற்றி ஊர் பேசிய பேச்சு அப்படி. விதவை தன் ஓலைச்சுவடியை எடுத்துக்கொண்டு மாணவிகளோடு சுடுகாட்டுக்குப் போய் ஆடுகிறாள். துர்க்கை தோன்றி வரம் கொடுக்கிறாள். நாட்டில் கொள்ளைநோய் பரவுகிறது. காலையில் பிணம் சுமந்தவன் மாலையில் பிணமாகிறான். அரசனின் படைவீரர்கள் அவளைக் கொல்லப் போய்த் தாங்களே எரிந்துபோகிறார்கள். கடைசியில் பரடா என்ற முனிவரிடம் அரசன் தஞ்சமடைகிறான். முனிவர் தன் சீடன் பகுலாவை அனுப்பி மங்கலியை மணக்கச் செய்கிறார். மருமகன் மாமியாரின் சுவடியை எடுத்து முனிவரிடம் கொடுத்துவிடுகிறான். பிறகு சுடுகாட்டில் இருவருக்கும் மோதல். விதவை தன் பார்வையாலேயே ஒரு ஆலமரத்தை எரித்துச் சாம்பலாக்குகிறாள். முனிவர் அதைத் திரும்பவும் துளிர்க்க வைக்கிறார். அவள் விழுகிறாள். இங்கே கதை நிற்கவில்லை. விடுதலைக்கான வழியை அவளுக்குச் சொல்லாமல் சாகவிட்டேனே என்று முனிவர் அவளைத் திரும்ப எழுப்பி, உபதேசம் செய்து, பிறகே அனுப்பிவைக்கிறார்.

கொன்றவளை எழுப்பி அவளுக்கு முக்தி கொடுத்தார்கள் என்பதற்காக இந்தக் கதையை நான் மதிக்கிறேன். ஒரு குறையும் உண்டு. மங்கலிக்கு நடந்த கல்யாணம் அரசாங்கத்தின் சூழ்ச்சி என்று தெரிந்தபோது அவள் என்ன நினைத்தாள் என்பதற்குக் கதையில் ஒரு வரிகூடக் கிடையாது. கொள்ளைநோயின் வேர் எங்கே இருந்தது என்று பாருங்கள். ஒரு தாயின் மனக்குறை அது. அவளோடு சம்பந்தம் செய்துகொள்ள ஊர் மறுத்தது. அதைக் கேட்க அவளுக்கு வேறு வாசல் இல்லை.

இந்த விதவைக்குப் பின்னால் ஓர் உண்மையான ராணி இருக்கலாம் என்று கருதுகிறவர்கள் உண்டு. ஐர்லங்காவின் தாய் மகேந்திரதத்தா. ஜாவா அரச குலத்தில் பிறந்து, பாலி மன்னன் உதயணனை மணந்து, தீவுக்கு வந்தவள். பத்தாம் நூற்றாண்டின் கடைசியில் வெட்டிய சாசனங்களில் குணப்பிரியா தர்மபத்தினி என்ற அவளுடைய பெயர் முதலில் வருகிறது. கணவனின் பெயர் அதற்குப் பிறகுதான். மாந்திரீகம் செய்ததற்காக மன்னன் அவளைக் காட்டுக்குத் துரத்தினான் என்று பின்னாளில் கதை கட்டினார்கள். அவள் கணவனுக்கு முன்பே இறந்திருக்க வேண்டும் என்று சாசனங்களை ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். அப்படியானால் விதவை என்ற பெயர்கூட அவளுடையது இல்லை. மன்னனுக்கு முன்னால் பெயர் பொறித்துக்கொண்ட ஒரு பெண்ணை ஊர் எப்படி நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

கியான்யார் பக்கத்தில் குத்ரி என்ற ஊரில் ஒரு சிறு குன்று இருக்கிறது. படியேறிப் போனால் உச்சியில் ஒரு மண்டபம். உள்ளே எருமையின் மேல் நிற்கும் மகிஷாசுரமர்த்தினி. மகேந்திரதத்தாவை அந்த வடிவில் செதுக்கி வைத்திருக்கிறார்கள் என்பது ஐதீகம். முகம் தேய்ந்து மழுங்கிவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி. இருந்தும் பாதியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி வந்துவிட்டாள். எருமையைப் பார்த்ததும் யார் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கைகூப்பி, அவளுக்குத் தெரிந்த துர்க்கை பாடலை முணுமுணுத்தாள். அவளோடு நானும் அந்த முகமில்லாத முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ரங்டாவுக்கு எதிர் நிற்பவர் பாரோங். சிங்கம் போன்ற உடல், கண்ணாடிச் சில்லுகள் பதித்த தோல் அலங்காரம், நான்கு கால்களுக்குள் இரண்டு ஆண்கள். மனித முடியால் செய்த அந்தத் தாடியில்தான் பாரோங்கின் சக்தி இருக்கிறது. அதை நனைத்த நீர் தீர்த்தம். சுற்றுலாத் தாள்கள் பாரோங்கை நன்மை என்றும் ரங்டாவைத் தீமை என்றும் இரண்டு சொல்லில் முடித்துவிடுகின்றன. எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது. ஏனென்றால் அந்தச் சண்டையில் யாரும் ஜெயிப்பதில்லை. பத்துபுலானில் நாங்கள் பார்த்தது குந்திஸ்ரயா என்ற கதை. குந்தி, தான் வளர்த்த மாத்ரியின் மகன் சகாதேவனைத் துர்க்கைக்குப் பலிகொடுக்க நேர்கிறது. சிவன் அவனைக் காக்கிறார். துர்க்கை தனக்கு விடுதலை கேட்டு அவன் கையாலேயே விண்ணுலகம் போகிறாள். அவளுடைய மாணவி காளிகாவுக்கு அந்த விடுதலை மறுக்கப்படுகிறது. அவள் கோபத்தில் ரங்டாவாக மாற, சகாதேவன் பாரோங்காக மாறுகிறான். இருவரும் மோதுகிறார்கள். மோதல் தீர்வதில்லை. 2015இல் யுனெஸ்கோ பாலியின் நடனங்களைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது எடுத்துக்கொண்ட ஒன்பதில் இந்தக் குந்திஸ்ரயாவும் ஒன்று. பயணிகளுக்காக ஆடுவது என்பதாலேயே அதை இளக்காரமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இருவரின் முகமூடிகளையும் ஒரே வகை மரத்தில் செதுக்குகிறார்கள். சில ஊர்களில் ஒரே மரத்தில். அங்கே அதன் பெயர் புலே. பாக் வண்டியை நிறுத்திச் சுடுகாட்டு ஓரத்தில் ஒன்றைக் காட்டினார். கணுவுக்குக் கணு ஆறேழு இலைகள் விரிந்த குடைபோல. ஒரு இலையைக் கிள்ளியதும் பால் வழிந்தது. அது நம்முடைய ஏழிலைப்பாலை. கேரளத்தில் யட்சி குடியிருக்கும் மரம் என்று சொல்வார்களே, அதே மரம். அடிமரத்தில் புடைப்பு வந்தால், மரம் சூல் கொண்டிருக்கிறது என்கிறார்கள். நல்ல நாள் பார்த்து, படையலிட்டு, அந்தப் புடைப்பை மட்டும் வெட்டி எடுப்பார்கள். மரம் உயிரோடு இருக்கும். தாய் பிழைத்துக்கொள்கிறாள், பிள்ளை முகமூடியாகிறது.

பாக்கின் வீட்டில் ஒரு கைக்குழந்தை இருந்தது, அவருடைய பேத்தி. பாலியில் பிறந்த குழந்தையின் கால் 105 நாளுக்குத் தரையில் படக்கூடாது. அவர்களுடைய கணக்கில் மாதத்துக்கு 35 நாள். மூன்று மாதம் முடிந்து சடங்கு செய்த பிறகே மண்ணைத் தொட விடுவார்கள். அதுவரை குழந்தை யாராவது ஒருவர் கையில்தான். மருமகள் சமையல் வேலையின்போது குழந்தையை ஒரு நீளத் துணியில் தோளிலிருந்து தொட்டில்போலக் கட்டி இடுப்பில் வைத்திருப்பாள். இரண்டாம் நாளே அந்த வேலையை அம்மா ஏற்றுக்கொண்டாள். ஒரு சாயங்காலம் துணியை அவிழ்த்து மடித்தவள், கையில் அதைத் தொங்கவிட்டபடி நின்று, "அன்றைக்கு அவள் கையில் வைத்திருந்தது இதுதானே?" என்றாள்.

பாக்கிடம் கேட்டோம். ஆமாம், அதன் பெயர் அந்தேங், குழந்தையைச் சுமக்கும் துணியும் அதுதான் என்றார். 1936இல் பாலிக்கு வந்து ஆய்வு செய்த மானிடவியலாளர்கள் மார்கரெட் மீடும் கிரெகரி பேட்சனும் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள்; எனக்கு அது அப்போது தெரியாது. குழந்தையைத் தூக்கி வளர்த்த ஒருத்தியின் கண்ணுக்கு, எந்தப் புத்தகமும் இல்லாமலே அது பட்டுவிட்டது. எதிரியின் மேல் ரங்டா வீசும் ஆயுதம், தாய் பிள்ளையைச் சுமக்கும் துணி.

அன்று பாக் எங்களை வாசலுக்கு அழைத்துப்போய்க் கதவின் ஓரத்தில் தரையில் பதித்த ஒரு கல்லைக் காட்டினார். அதன்கீழே பேத்தியின் நஞ்சுக்கொடி, தேங்காய்க்குள் வைத்துப் புதைத்தது. ஆண் குழந்தைக்கு ஒரு பக்கம், பெண்ணுக்கு மறுபக்கம். கல்லின் மேல் ஒரு விளக்கு, கொஞ்சம் பூ. குழந்தையோடு நான்கு உடன்பிறப்புகள் பிறக்கிறார்கள் என்பது அவர்களுடைய நம்பிக்கை: பனிக்குட நீர், உதிரம், உடம்பில் ஒட்டி வரும் வெண்மெழுகு, நஞ்சுக்கொடி. மதித்துச் சோறு வைத்தால் சாகும்வரை துணை நிற்பார்கள். மறந்தால் நோயாகத் திரும்புவார்கள். அந்த நால்வரில் ஒருவருக்கு வளர்ந்தபின் பனஸ்பதி ராஜா என்று பெயர், காட்டின் அரசன். பாரோங் வடிவில் ஆடுவது அவர்தான்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு பக்கம் கூடப்பிறந்த கொடி, மறுபக்கம் சுமந்த துணி. மேடையில் மோதிக்கொள்ளும் இருவரும் ஒரே பிரசவ அறையிலிருந்து வந்தவர்கள். யார் யாரைக் கொல்வது?

பாக்கின் ஊரில் புரா டாலெம் என்ற கோயிலின் திருவிழா அந்த வாரம் வந்தது. சுடுகாட்டை ஒட்டிய கோயில்; துர்க்கையின் இடம். இரவில் சலோன் அராங் ஆடுகிறார்கள் என்று எங்களையும் அழைத்துப்போனார். மருமகள் அம்மாவுக்குக் கைலியும் இடுப்புக்கச்சையும் கட்டிவிட்டாள். ஆட்டத்துக்கு முன் வழிபாடு. எல்லோரும் தரையில் உட்கார்ந்தார்கள். பூசாரி தீர்த்தம் தெளித்து, ஈரமான அரிசியை ஒவ்வொருவர் நெற்றியிலும் வைத்துக்கொண்டு வந்தார். எங்கள் வரிசை நெருங்கியபோது அம்மாவின் உடம்பு பின்னால் நகர்வதை என் தோள் உணர்ந்தது. அவளுக்குப் பின்னால் தூண் இல்லை, மனிதர்கள் இருந்தார்கள். பூசாரி அவள் நெற்றியில் அரிசியை அழுத்தி வைத்துவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார்.

திடலின் ஒரு கோடியில் மூங்கிலால் உயரமாக ஒரு குடில். அதிலிருந்து செங்குத்தாக ஒரு மூங்கில் பாதை. நடுவில் வேரோடு பெயர்த்து நட்ட ஒரு பப்பாளி மரம், சுடுகாட்டு மரத்துக்குப் பதிலாக. பத்தரை மணிக்கு கமெலான் வாத்தியக் குழு தொடங்கியது. அந்த வெண்கலக் கருவிகளை ஜோடி ஜோடியாகச் செய்து, ஜோடியில் ஒன்றைக் கொஞ்சம் தாழ்த்தி, ஒன்றைக் கொஞ்சம் உயர்த்திச் சுருதி வைக்கிறார்கள். சேர்ந்து தட்டும்போது ஒலி நீரைப்போல நடுங்குகிறது. ஒத்துப்போயிருந்தால் அந்த நடுக்கம் வராது. சில வாத்தியங்கள் எங்களுக்கு மூன்றடி தூரத்தில் இருந்தன. அதிர்வு பல்லில் தெரிந்தது.

முதலில் மாணவிகள் வந்தார்கள், கூந்தலை அவிழ்த்துவிட்ட இளம்பெண்கள், கையில் வெள்ளைத் துணி. பிறகு கிழவி. ரங்டாவாக மாறுவதற்கு முந்தைய விதவை அவள். ஓர் ஆண் ஆடினார். நரைத்த முடி, கையில் கோல், கூன் விழுந்த முதுகு. மகளை யாரும் கேட்டு வரவில்லை என்று அவள் கூட்டத்தைப் பார்த்துக் கேட்கிறாள். நீண்ட நேரம் கேட்கிறாள். பாக் காதருகில் பொருள் சொல்லிக்கொண்டே வந்தவர், ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டார். தேவைப்படவில்லை.

நடுவில் கோமாளிகள் பிணம் சுமந்து வந்து ஊரைச் சிரிக்க வைத்தார்கள். நள்ளிரவு தாண்டியபோது அரசனின் அமைச்சர் கிரிஸ் கத்தியோடு மூங்கில் பாதையில் ஏறினார். குடிலுக்குள் தூங்கும் கிழவியைக் குத்துகிறார், குத்துகிறார், கத்தி இறங்கவில்லை. புகை. திரை விலகியதும் ரங்டா. முன்பு பத்துபுலானில் பார்த்த அதே உருவம்தான், ஆனால் என்னைச் சுற்றி முந்நூறு பேர் ஒரே நேரத்தில் மூச்சை அடக்கினார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் யாரென்று பாராமல் அம்மாவின் மடிக்குள் தலையைப் புதைத்துக்கொண்டான். அவள் அவன் முதுகைத் தட்டிக்கொண்டே மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாரோங் வந்தது. கிரிஸ் ஏந்திய ஆண்கள் ரங்டாவின் மேல் பாய்ந்தார்கள். அவள் துணியை வீசினாள். அவர்களின் வெறி அவர்கள் மீதே திரும்பிவிடுகிறது. கத்தி நுனியைத் தங்கள் மார்பில் வைத்து அழுத்துகிறார்கள். ஒருவர் எங்களுக்கு எதிரே நின்றார். இரும்பு வில்லாக வளைந்தது. தோல் குழிந்தது. ரத்தம் வரவில்லை. பாரோங்கின் காவல் என்கிறார்கள். விழுந்தவர்களைத் தூக்கிக்கொண்டு போய்த் தாடி நனைத்த தீர்த்தத்தைத் தெளித்ததும் ஒவ்வொருவராக, தூக்கத்திலிருந்து எழுந்தவர்களைப்போல, சுற்றிலும் பார்த்தார்கள்.

ரங்டாவை யாரும் கொல்லவில்லை. அவளுக்கும் அருள் ஏறி உடம்பு ஆடியது. நான்கு பேர் தாங்கிப் பிடித்துக் கோயிலுக்குள் அழைத்துப்போனார்கள். முகமூடியைக் கழற்றி, வெள்ளைத் துணி போர்த்தி, கூடையில் வைத்து, குடை பிடித்து உள்ளே கொண்டுபோனார்கள். அந்த முகமூடிக்கு ஊரார் வைத்திருக்கும் பெயர் ராத்து அயு. அழகிய அரசி என்று பொருள்.

திரும்பும்போது மணி மூன்று. காரில் அம்மா, "அடுத்து எப்போது தம்பி?" என்று கேட்டாள். நான் மொழிபெயர்த்தேன். கோயில் திருவிழா 210 நாளுக்கு ஒருமுறை, சலோன் அராங் ஒவ்வொரு முறையும் இருக்காது, ஆனால் ஆட்டம் இல்லாவிட்டாலும் அவளை வெளியே எடுத்து அலங்கரித்து வைப்போம் என்றார். அம்மாவின் நெற்றியில் அரிசி காய்ந்து ஒட்டியிருந்தது.

சென்னை வந்த மறுநாள் நாட்காட்டியின் தாள்களைப் புரட்டி அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். ஒரு தேதியில் பென்சிலால் வட்டம் போட்டாள். நான் மறந்தே போனேன். மாதங்கள் கழித்து ஓர் இரவு, சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து நின்றாள். ஒன்பதரை. அங்கே நள்ளிரவு.

"இந்நேரம் எழுந்தருளியிருப்பாள்" என்றாள்.